ஓஓடிபி ஆன்லைன் லீக்கில் அணி கட்டுவது: கேள்வி பதில்

ஓஓடிபி என்று நாம் சுருக்கிச் சொல்லும் 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' ஆடுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். மார்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் 1999-இல் வெளியிட்ட கணினி விளையாட்டு இது. மட்டையைச் சுழற்றும் வேலை நமக்கு இல்லை. நாம் அணியை நிர்வகிக்கும் ஜெனரல் மேனேஜர் (ஜிஎம்). ஆள் எடுப்பது, சம்பளம் பேசுவது, டிரேடு செய்வது (எதிரணியோடு ஆட்களை மாற்றிக்கொள்வது), அடிக்கும் வரிசை போடுவது எல்லாம் நம் பொறுப்பு. ஆன்லைன் லீக் என்றால் எதிரணிகளையும் மனிதர்களே நடத்துகிறார்கள். லீக்கை நடத்தும் கமிஷனர் சில நாள் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டி (இதுதான் ஒரு சிம்) லீக்கின் கணினிக் கோப்பு ஒன்றைத் தருவார். நாம் மாற்றங்களைச் செய்து நம் கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். அணி கட்டுவதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

கே: அண்ணா, ஒருவர் விட்டுப்போன அணி எனக்குக் கிடைத்திருக்கிறது. முதலில் என்ன செய்வது?

ப: ஆட்டக்காரர் பட்டியலைத் திறக்காதீர்கள். லீக் அமைப்புகள் இருக்கும் பக்கத்தைத் திறங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, பிறகு மூன்று சீசன் தவிக்கிறார்கள்.

எந்தக் காலத்துப் புள்ளிவிவரத்தை வைத்து லீக் ஓடுகிறது என்பதுதான் முதல் விஷயம். நிஜ மேஜர் லீக்கில் (வட அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் லீக்) 1968-ஆம் ஆண்டு ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 3.42 ரன் எடுத்தது, 2000-இல் 5.14. இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன் சராசரி, குறைந்தால் நல்லது) 3.50 வைத்திருக்கும் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், 1968 சூழலில் சராசரிக்கும் கீழே. 2000 சூழலில் அவர் அணியின் முதல் பிட்சர். ஆள் அதே ஆள்தான், விலை தலைகீழாக மாறிவிடுகிறது.

இரண்டாவது, உங்கள் மைதானம். ஹோம் ரன் எண் இடக்கை பேட்டருக்கும் வலக்கை பேட்டருக்கும் தனித்தனியாக இருக்கும். இடக்கைக்காரர்களுக்குச் சாதகமான மைதானம் என்றால், வெளியே 18 ஹோம் ரன் அடிக்கும் இடக்கைக்காரர் உங்களிடம் வந்தால் கூடுதலாகத் தருவார். அவரை விற்கும் அணிக்கு அந்தக் கூடுதல் கிடையாது, அதனால் விலையிலும் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது, ஒப்பந்தங்கள். யார் எத்தனை ஆண்டு உங்களோடு கட்டுப்பட்டிருக்கிறார், அப்போது அவருக்கு என்ன வயது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முப்பதைத் தாண்டியவருக்கு நீண்ட ஒப்பந்தம் வேண்டாம். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்.

அப்புறம், முதல் இரண்டு சிம் முடியும்வரை எந்த டிரேடுக்கும் சரி சொல்லாதீர்கள். புதியவர் வந்த அன்றே அன்பாக வரவேற்று ஒரு டிரேடும் அனுப்பும் ஆட்கள் எல்லா லீக்கிலும் உண்டு.

கே: பணம் குறைவு. எந்த இடத்துக்கு அதிகம் செலவழிக்கலாம்?

ப: மைதானத்தின் நடுக்கோட்டுக்கு. கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்), ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையில் நிற்பவர்), சென்டர் ஃபீல்டர், முடிந்தால் செகண்ட் பேஸ். இதில் நான் மிகவும் பிடிவாதக்காரன்.

நிஜ பேஸ்பாலில் ஓர் ஆட்டக்காரரின் மொத்த மதிப்பைக் கணக்கிடும்போது அவர் நிற்கும் இடத்துக்கும் ரன் கொடுக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் கணக்குப்படி முழு சீசனுக்கு கேட்சருக்கு 12.5 ரன் கூட்டுவார்கள், ஷார்ட்ஸ்டாப்புக்கு 7.5. ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு 12.5 ரன் கழிப்பார்கள். அதாவது ஒரே அளவு அடிக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கும் 20 ரன் இடைவெளி. ஏறக்குறைய 10 ரன் ஒரு வெற்றி என்பதால், அது இரண்டு வெற்றி. ஓஓடிபியும் இதே போக்கில்தான் நடக்கிறது. ஆனால் சந்தையில் நிறைய பேர் ஹோம் ரன் எண்ணிக்கையைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். நமக்கு லாபம் அந்த இடைவெளியில்தான்.

இன்னொன்று. நல்ல ஷார்ட்ஸ்டாப் நாளைக்கு செகண்ட் பேஸிலோ தேர்ட் பேஸிலோ நிற்பார். ஃபர்ஸ்ட் பேஸ்மேனை ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்த முடியாது. டிராஃப்டில் (புதிய இளைஞர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு, தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை) இரண்டு பேர் சமமாகத் தெரிந்தால் நடுவில் நிற்கக்கூடியவரை எடுங்கள். இன்ஃபீல்ட் ரேஞ்ச் (ஓடிப் பந்தை எட்டும் பரப்பு), கை பலம், டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) எண்களைத் தனித்தனியாகப் பாருங்கள். மொத்த நட்சத்திர மதிப்பீட்டை மட்டும் பார்த்தால் இவை தெரியாது.

கேட்சரில் ஃபிரேமிங்கை (நடுவர் ஸ்ட்ரைக் என்று சொல்லும்படி பந்தைப் பிடிக்கும் திறனை) விட்டுவிடாதீர்கள். அவர் அடிப்பது குறைவாக இருந்தாலும், அவரிடம் பந்து வீசும் எல்லா பிட்சருக்கும் அது உதவும்.

கே: .310 சராசரி வைத்திருக்கும் ஒருவர் சந்தையில் இருக்கிறார். எடுக்கலாமா?

ப: சராசரி என்பது வாக் (பிட்சர் நான்கு தவறான பந்து வீசினால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) போக மீதி வாய்ப்புகளில் ஹிட் ஆன விகிதம். அதை மட்டும் வைத்து பதில் சொல்ல முடியாது. ஒரு கணக்குப் பார்ப்போம். இருவருக்கும் 600 வாய்ப்பு. முதலாமவர் .310, ஆனால் வாக் 25தான்; பேஸ் ஏறியது சுமார் 203 முறை. இரண்டாமவர் .260, வாக் 90. ஏறியது சுமார் 223 முறை. பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் இரண்டாமவர் 20 முறை கூடுதலாக ஏறியிருக்கிறார், 20 அவுட் குறைவாகக் கொடுத்திருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் பவரும் இருந்தால் பேச்சே இல்லை. 'ஐ' (Eye, தவறான பந்தை அடிக்காமல் விடும் திறன்) எண்ணைப் பாருங்கள். ஆன்லைன் லீக்கிலும் அதற்கு இன்னும் முழு விலை கொடுப்பவர்கள் குறைவு.

கே: என் பிட்சருக்குச் சென்ற சீசன் இஆர்ஏ 4.90. இந்த சீசனுக்குள் விற்றுவிடலாமா?

ப: ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது), வாக், ஹோம் ரன் மூன்றையும் பாருங்கள். 2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் எழுதிய ஒரு கட்டுரை பேஸ்பால் கணக்கையே புரட்டிப்போட்டது. மைதானத்துக்குள் விழுந்த பந்து ஹிட் ஆவதில் பிட்சருக்கு இருக்கும் பிடி நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்று அவர் காட்டினார். அப்படி விழும் பந்துகளில் பத்துக்கு மூன்று ஹிட் ஆவது வழக்கம். உங்கள் பிட்சருக்கு அது .340-ஐத் தொட்டிருந்தால், துரதிர்ஷ்டமோ உங்கள் ஃபீல்டர்களின் தடுப்போ காரணமாக இருக்கலாம். எஃப்ஐபி (முக்கியமாக அந்த மூன்றை வைத்துக் கணக்கிடும், இஆர்ஏ போன்ற எண்) 3.80 என்று காட்டினால் விற்காதீர்கள். அதேபோல் எஃப்ஐபி 3.80, இஆர்ஏ 4.90 என்று எதிரணியில் யாராவது இருந்தால் இன்றே கேளுங்கள்.

ஓஓடிபியில் ஸ்டஃப் (ஸ்ட்ரைக்அவுட் எடுக்கும் திறன்), மூவ்மென்ட் (ஹோம் ரன் விடாத திறன்), கன்ட்ரோல் (வாக் கொடுக்காத திறன்) மூன்றும் சேர்ந்ததுதான் பிட்சர். எல்லோரும் ஸ்டஃப் பின்னால் ஓடுவார்கள். மூவ்மென்ட் நல்லவரை எடுத்து நல்ல இன்ஃபீல்டின் முன் நிறுத்துங்கள்.

கே: 33 வயது பேட்டர், 41 ஹோம் ரன். ஆறு ஆண்டு கேட்கிறார்.

ப: வேண்டாம். கிறிஸ் டேவிஸை நினைத்துக்கொள்ளுங்கள். 2016 ஜனவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அவருக்கு ஏழு ஆண்டுக்கு 161 மில்லியன் டாலர் கொடுத்தது. அப்போது அவருக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. 2018-இல் அவர் அடித்தது .168. 2021-இல் ஓய்வு பெற்றார், ஒப்பந்தம் அப்போதும் முடியவில்லை. இரண்டு ஆண்டுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கே: ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கிலும் இதே முறைதானா, ஐயா?

ப: அது 1961-இலிருந்து வரும் அட்டையும் பகடையுமான விளையாட்டு, பாதி முடிவு பேட்டர் அட்டையிலும் பாதி பிட்சர் அட்டையிலும் வரும். கணக்கே வேறு. அதை ஆடுகிறவர்களைக் கேளுங்கள்.

கே: மூன்று சீசன் வேண்டுமென்றே தோற்று, டிராஃப்டில் முதல் இடம் வாங்கி, பிறகு சாம்பியன் ஆவதுதான் சுலபமான வழி. ஏன் யாரும் இதைச் சொல்வதில்லை?

ப: தவறான வழி என்பதால். தோற்கத் தோற்க ரசிகர் ஆர்வம் இறங்கும், டிக்கெட் வருமானம் இறங்கும், அதோடு அடுத்த ஆண்டு பட்ஜெட்டும் இறங்கும். நல்ல இளைஞர்கள் வளர்ந்து வரும்போது அவர்களைத் தக்கவைக்கப் பணம் இருக்காது.

கே (அவரே): நிஜ மேஜர் லீக்கில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி செய்து காட்டினார்களே? 2011 முதல் 2013 வரை 106, 107, 111 தோல்வி. 2017-இல் சாம்பியன்.

ப: இந்த உதாரணம் எப்போதும் வரும், அதனால் முழுதாகவே பார்த்துவிடுவோம். அந்த 2017 அணியில் முதுகெலும்பு யார்? ஹோசே அல்டுவே. 2007-இல் வெனிசுவேலாவில் 15,000 டாலருக்குக் கையெழுத்திட்டவர், டிராஃப்டே இல்லை. டாலஸ் கைகல் 2009-இல் ஏழாவது சுற்று. ஜார்ஜ் ஸ்பிரிங்கர் 2011-இல் பதினோராவது இடம்; 106 தோல்விக்கு முந்தைய சீசனின் பலன் அது. ஜஸ்டின் வெர்லாண்டர் 2017 ஆகஸ்ட் கடைசி நாளில் டிரேடில் வந்தவர்.

தோற்று வாங்கிய முதல் இடங்கள் மூன்று. 2012-இல் கார்லோஸ் கொரியா, அருமையான தேர்வு. 2013-இல் மார்க் அப்பெல், ஹூஸ்டனுக்காக ஓர் ஆட்டம்கூட மேஜர் லீக்கில் வீசவில்லை. 2014-இல் பிராடி ஏக்கன், கையெழுத்தே போடவில்லை. மூன்றில் ஒன்று.

கே (வேறொருவர்): குறுக்கிடுகிறேன், மன்னியுங்கள். ஏக்கன் கையெழுத்திடாததற்கு ஈடாக 2015-இல் கிடைத்த இரண்டாவது இடத்தில்தான் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார். கொரியாவிடம் மிச்சம் பிடித்த பணத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸை எடுத்தார்கள். தோல்விக்குப் பலன் இருந்தது.

ப: இரண்டும் சரியான தகவல், ஏற்றுக்கொள்கிறேன். உயர்ந்த இடத்துக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த இடம் தனியாகச் சாம்பியன் அணியைத் தராது என்கிறேன். அந்த நிர்வாகம் ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் வளர்ப்பதிலும் திறமை காட்டியது. அந்தத் திறமை உள்ளவர் 75 வெற்றி எடுத்துக்கொண்டே அணியைக் கட்டலாம். பெரிய நட்சத்திரங்களே பின்னால் எடுக்கப்பட்டவர்கள்: மைக் ட்ரவுட் 2009 டிராஃப்டில் 25-வது. ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999-இல் பதின்மூன்றாவது சுற்று.

கே (முதலாமவர்): விதி அனுமதிக்கிறதே?

ப: நிஜ லீக்கே அதை இப்போது தடுக்கிறது. 2022 டிசம்பரிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல். அந்த ஆண்டு 55 வெற்றி மட்டும் பெற்று கடைசியில் இருந்த வாஷிங்டனுக்கு முதல் இடம் கிடைக்கவில்லை. பிட்ஸ்பர்க் வாங்கி பால் ஸ்கீன்ஸை எடுத்தது. 2024-இல் 121 தோல்வி கண்ட சிகாகோ வொயிட் சாக்ஸுக்கு அடுத்த டிராஃப்டில் பத்தாவது இடம்தான், ஏனென்றால் பெரிய சந்தை அணிகள் தொடர்ந்து இரண்டு ஆண்டு குலுக்கல் இடம் வாங்க முடியாது.

விதியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆன்லைன் லீக் மனிதர்களால் நடக்கிறது. நீங்கள் வேண்டுமென்றே 110 ஆட்டம் தோற்றால், உங்கள் பிரிவில் இருக்கும் அணிகளுக்கு இலவச வெற்றி போகும். வேறு பிரிவில் நியாயமாகப் போராடும் ஒருவர் பிளேஆஃப் (சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்று) இடத்தை இழப்பார். இரண்டு சீசன் அப்படி இழந்தவர் மூன்றாவது சீசனில் கோப்பு அனுப்ப மாட்டார். காலி அணிகள் பெருகிய லீக் நிற்பதில்லை. அணியைக் கலைத்துக் கட்டுங்கள், வயதானவர்களை விற்று இளைஞர்களை வாங்குங்கள், அது நேர்மையான வேலை. ஆனால் களத்தில் இறங்கும் ஒன்பது பேரும் உங்களிடம் உள்ளவர்களில் சிறந்த ஒன்பது பேராக இருக்கட்டும்.

கே: .325 சராசரி உள்ள லெஃப்ட் ஃபீல்டர்...

ப: மேலே வாக் கணக்கைப் போட்டிருக்கிறேன். அதைப் படியுங்கள்.

கே: ஆட்டத்தின் கடைசியில் வீசும் குளோசருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ப: மிகக் குறைவாக. ஒரு சீசனில் உங்கள் அணி ஏறக்குறைய 1,450 இன்னிங்ஸ் வீசும். குளோசர் அதில் 65 வீசுவார். இரண்டு பந்து வகை மட்டும் நன்றாக வீசும், ஸ்டாமினா குறைந்த ஸ்டார்ட்டர்களை (ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர்களை) தேடுங்கள். ரிலீவராக (பாதியில் வந்து வீசுபவராக) மாற்றினால் அவர்களின் ஸ்டஃப் ஏறும். புகழ்பெற்ற குளோசர் மரியானோ ரிவேராவே 1995-இல் ஸ்டார்ட்டராக வந்தவர்தான். ஜூலையில் பிளேஆஃப் கனவில் இருக்கும் ஜிஎம்கள் ரிலீவருக்கு அளவுக்கு மீறி விலை கொடுப்பார்கள். அப்போது விற்பவராக இருங்கள்.

கே: ஓஓடிபியின் அட்டை சேர்த்து ஆடும் பகுதியான பர்ஃபெக்ட் டீமில் எந்த அட்டைப் பொதி வாங்கலாம்?

ப: நான் அதை ஆடுவதில்லை.

கே: 34 வயது ஸ்டார்ட்டர், ஐந்து ஆண்டு ஒப்பந்தம்?

ப: வேண்டாம். வயதைப் பாருங்கள்.

கே: 19 வயது பையன், பொட்டென்ஷியல் ஐந்து நட்சத்திரம். இவனைக் கொடுத்து ஒரு நல்ல ஸ்டார்ட்டர் கேட்கலாமா?

ப: கேட்கலாம், ஆனால் முதலில் இரண்டு விஷயம். பொட்டென்ஷியல், அதாவது அவன் எட்டக்கூடிய உச்சத் திறன், உங்கள் ஸ்கவுட்டின் (ஆட்டக்காரர்களை மதிப்பிடுபவரின்) கருத்து. அவர் துல்லியம் எவ்வளவோ அவ்வளவுதான் நம்பலாம். லீக் அமைப்பில் திறமை மாற்றத்தின் தற்செயல் அளவு ஒன்று இருக்கும். அது அதிகம் என்றால் இளைஞர்கள் காரணமே தெரியாமல் ஏறுவார்கள், இறங்குவார்கள். அப்படிப்பட்ட லீக்கில் 19 வயதுக்காரரை விற்பது புத்திசாலித்தனம். உழைப்பு, அறிவு இரண்டும் உயர்வாக இருந்து, காயப்படும் இயல்பும் குறைவு என்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்குக் கேட்கும் ஸ்டார்ட்டர் 28-க்குள் இருக்கட்டும்.

கே (தோற்பதைப் பற்றிக் கேட்டவர்): சரி, தோற்க மாட்டேன். என்னிடம் 24 வயது ஷார்ட்ஸ்டாப் இருக்கிறார். தடுப்பு அருமை, அடி சுமார். இவருக்குப் பதில் 31 வயது ஃபர்ஸ்ட் பேஸ்மேனைத் தருகிறார்கள், 35 ஹோம் ரன், இன்னும் நான்கு ஆண்டு ஒப்பந்தம்.

ப: மறுத்துவிடுங்கள். உங்கள் ஷார்ட்ஸ்டாப்புக்கு இரண்டு ஆண்டுதான் சர்வீஸ் (மேஜர் லீக்கில் ஆடிய காலம்) ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு முடியும்வரை குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் பக்கத்தில் கொடுத்தால் போதும், அதற்கப்புறம் மூன்று ஆண்டு ஆர்பிட்ரேஷன் (நடுவர் மூலம் சம்பளம் முடிவாகும் காலம்). மொத்தம் நான்கு ஆண்டு அவர் உங்களவர், 28 வயதுவரை. அவர்கள் தருபவர் அதே நான்கு ஆண்டில் 35-ஐத் தொடுவார், சம்பளமும் முழுச் சம்பளம். அடி வேண்டுமென்றால் ஒரே ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு ஃபர்ஸ்ட் பேஸ்மேனை ரிலீவர் ஒருவரைக் கொடுத்து வாங்குங்கள், நிறைய கிடைப்பார்கள். ஷார்ட்ஸ்டாப் ஒன்பதாவதாக அடிக்கட்டும், 150 ஆட்டம் நிறுத்துங்கள். அடுத்த சிம்முக்குக் கோப்பை நேரத்தோடு அனுப்புங்கள்.