சூலகத்து நீர்க்கட்டி வெடிச்சா சும்மா விடலாமோ?

பொம்பிளையளின்ரை முட்டை உண்டாகிற சூலகத்திலை தண்ணி கோத்து வாற சின்னப் பைதான் நீர்க்கட்டி, வெடிக்கிறது எண்டா அந்தப் பை கிழிஞ்சு உள்ளுக்க கிடந்தது வயித்துக்க ஊத்துப்படுறது. கனபேருக்கு உடம்பே சில நாளிலை அதை உறிஞ்சிப்போடும், பனடோலோட நோ அடங்கும். வரம்பு கசிஞ்சா வயல் மண்ணே குடிச்சிடும், குளக்கட்டு உடைஞ்சா மண்மூட்டையோட ஓடோணுமெல்லே, ரத்தக்குழாயும் சேர்ந்து கிழிஞ்சா அப்பிடித்தான். உள்ளுக்கயே ரத்தம் போய் பிரஷர் இறங்கி தலை சுத்தும், முகம் வெளிறும், சிலருக்குத் தோள்மூட்டும் குத்தும், விட்டா உயிருக்கே ஆபத்து. கட்டியிலை கிருமி இருந்தா வயிறு முழுக்கப் பரவிக் காய்ச்சல் வரும். கருப்பைக்கு வெளியிலை, கருக்குழாயிலை கரு தங்கினாலும் இதே நோதான், கர்ப்பப் பரிசோதனையும் ஸ்கானும் செய்துதான் பிரிச்சறியலாம். முல்லைத்தீவு உட்கிராமத்திலை இருக்கிறனீங்கள் விடியட்டும் எண்டு பாக்காதேங்கோ, 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

“கீழாலை ரத்தம் போகேல்லைத்தானே, பயமில்லை” எண்டு எங்கட அம்மாமார் சொல்லுவினம், ஆனா இந்த ரத்தம் வயித்துக்கயே தேங்குறது, வெளியிலை ஒரு சொட்டும் காட்டாமலும் இருக்கும்.