வாசிகசாலைப் பிளேட்

கேள்வி: முந்தி உங்கள் இதழில் ஊழலைத் தோண்டி எடுக்கும் கட்டுரைகள் வரும். வாசிகசாலையில் அடிபட்டு வாசிப்போம். இப்போது அவை குறைந்துவிட்டனவே, பயமா?
– ஒரு வாசகர், கோண்டாவில்

பதில்: வாசிகசாலையா? ஒரு பிரதியை வாங்கி ஊரே வாசிக்கும் அந்த மேசையில் எங்கள் இதழ் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? ஊழல் கட்டுரை வந்த மாதம் அந்தப் பக்கம் மட்டும் இருக்காது. பிளேட்டால் அவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருப்பார்கள், எங்கள் அச்சகத்தில்கூட ஓரம் அப்படி நேராக வராது. வெட்டியவர் கட்டுரையில் அகப்பட்டவராக இருக்கலாம், அவருடைய எதிரியாகவும் இருக்கலாம். ஒருவர் ஒளிக்க வெட்டுகிறார், மற்றவர் லாமினேட் செய்ய.

பக்கத்தில் கிடக்கும் நாளிதழின் மரண அறிவித்தல்களோ எத்தனை கை பட்டாலும் முழுசாக இருக்கும். யாழ்ப்பாணத்தார் முதலில் வாசிப்பது அதைத்தான் என்று நெடுநாளாகச் சொல்கிறேன், தலையங்கம் எழுதும் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். பிறந்த ஊர், வாழ்ந்த நாடு, மருமக்கள், சம்பந்தி வீடு, தகனம் எத்தனை மணிக்கு என்பதுவரை ஒரு சதுரத்துக்குள் அடக்க எந்தப் புலனாய்வு நிருபரால் முடியும்?

சரி, பயமா என்றீர்கள். 2000 ஒக்டோபர் 19 இல் பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜனை இந்த யாழ்ப்பாணத்தில், அவருடைய வீட்டில் வைத்துத்தான் சுட்டார்கள். 2006 மே 2 இல் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்கள் இருவரைக் கொன்றார்கள். இங்கே இருந்துகொண்டு அந்தக் கேள்வியை இவ்வளவு இலேசாகக் கேட்கக் கூடாது, ஐயா.

கட்டுரைகள் குறைந்ததற்குக் காரணம் வேறு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பித்தால் 14 வேலை நாளுக்குள் தருவோம், தரமாட்டோம் என்று ஒரு முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மசியாவிட்டால் கொழும்பில் ஆணைக்குழு. ஒரு வீதி வேலையின் ஒப்பந்தப் பிரதி கைக்கு வருவதற்குள் அந்த வீதியின் தாரே பெயர்ந்துவிடும். பிறகு, தார் எவ்வளவு தடிப்பில் போட்டார்கள் என்று சொல்ல, கண்ணால் கண்ட ஒருவர் வேண்டும்.

எங்களுக்கு வருவதெல்லாம் மொட்டைக் கடதாசி. கீழே ‘உண்மை விரும்பி’. முகவரி இல்லை, ஒரு பற்றுச்சீட்டின் பிரதிகூட இல்லை. அதை நம்பி அச்சேற்றினால் வழக்குக்கு நான்தான் போக வேண்டும், உண்மை விரும்பி வாசிகசாலையில் இருப்பார்.

இன்னொன்று. போன மாதம் ஒரு சங்கத்தின் கணக்கைப் பற்றி அப்படியொரு கடதாசி பச்சை மையில் வந்தது. உங்கள் கேள்வியும் பச்சை மைதான், எழுத்தும் அதே சாய்வு. கணக்கறிக்கை கையில் இருந்தால் கொண்டு வாருங்கள். பெயரை அச்சில் போடமாட்டேன், ஆனால் ஆள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். பின்னேரம் வந்தால் தேத்தண்ணியும் உண்டு.