பயணப் படங்களிலிருந்து தோட்டத்து நெருக்கப் படங்களுக்கு மாற மாக்ரோ லென்ஸ் அவசியமா?

பயணங்களில் படமெடுத்துப் பழகிய ஒருவர் தோட்டத்துப் பூச்சிகளையும் பூக்களையும் நெருங்கி எடுக்க விரும்பினால், சிறு பொருளை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்க உதவும் மாக்ரோ லென்ஸை முதலில் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை என்பதே என் பதில். முதலில் தேவைப்படுவது நாள்தோறும் போய்ப் பார்க்க முடிகிற ஒரு செடி.

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் நான், பல ஆண்டுகள் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஹம்பி, பேளூர், நந்தி மலை என்று சுற்றிப் படமெடுத்தவன். ஹம்பியின் கல்தேர்மீது எந்த மாதத்தில் எந்த வெயில் அழகாக விழும் என்பது அங்கேயே வாழ்பவருக்குத் தெரியும். இரண்டு பகல் தங்கிவிட்டுப் பேருந்து ஏறுபவர் கிடைத்த வெயிலோடு திரும்ப வேண்டியதுதான். அந்தப் படங்களைப் பலர் பாராட்டினார்கள் என்றாலும், பாராட்டில் பெரும்பங்கு சிற்பிகளைச் சேர வேண்டியது என்றே எனக்குத் தோன்றும்.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்த கறிவேப்பிலையைப் புழு அரிக்கிறது, மருந்தடிக்க வேண்டும் என்று என் மனைவி சொன்னபோதுதான் நான் அச்செடியை உற்றுப் பார்த்தேன். அவை எலுமிச்சை அழகி எனப்படும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். இளம் பருவத்தில் பறவையின் எச்சம் போலவே இலைமேல் கிடந்து எதிரிகளை ஏமாற்றும் இப்புழு, தோலுரித்துத் தோலுரித்துக் கடைசிப் பருவத்தில் இலையின் பச்சைக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவையாகப் பிரிந்த ஓர் உறுப்பை நீட்டி நெடியடிக்கும். இன்று சரியாக அமையாத படத்தை நாளை அதே கிளையில் மீண்டும் எடுக்கலாம் என்ற வசதி பயணத்தில் எனக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை. மருந்து அடிக்கவில்லை, சில வாரங்களுக்குச் சாம்பாருக்குக் கறிவேப்பிலையைக் கடையில் வாங்கினோம்.

கருவியைப் பொறுத்தவரை, உங்களிடம் 50 மி.மீ. லென்ஸ் இருந்தால், அதற்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தும் கண்ணாடியில்லாத 'எக்ஸ்டென்ஷன் டியூப்' என்ற வளையம் போதும். லென்ஸ் இன்னும் நெருக்கத்தில் ஃபோகஸ் செய்ய அது வழிசெய்யும். 25 மி.மீ. வளையம், பொருளின் உருவத்தை அதன் உண்மை அளவில் ஏறத்தாழப் பாதியாக, கேமராவுக்குள் படம் பதியும் சென்சார்மீது விழச்செய்யும். மின்தொடர்பு இல்லாத மலிவான வளையத்தை வாங்கினால், இக்காலத்து லென்ஸ்கள் பெரும்பாலானவற்றில் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்ற இயலாது என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

உண்மையான சிரமம் ஃபோகஸில்தான் இருக்கிறது. முழு உருவளவில், அதாவது 10 மி.மீ. பூச்சி சென்சாரிலும் 10 மி.மீ. நீளத்துக்கு விழும்போது, முழுச்சட்டக் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ளது) அப்பர்ச்சரை எஃப் 8 என ஓரளவு சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. மட்டுமே. ஆழத்தைக் கூட்ட அப்பர்ச்சரை மிகவும் சுருக்கினால், சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்புவிலகலால் படம் முழுவதுமே மங்கத் தொடங்கும். ஆகவே பூச்சியின் கண்ணும் உடலும் சென்சாருக்கு இணையான ஒரே தளத்தில் அமையுமாறு நாம் நிற்கும் கோணத்தை மாற்றுவதே சிறந்த வழி. லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருப்பதைவிட, உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து ஃபோகஸ் பிடிப்பது எளிது. குளிர் விலகாத அதிகாலையில் பூச்சிகள் மந்தமாக இருக்கும் என்பதால், இந்த ஊரின் டிசம்பர், ஜனவரிக் காலைகள் தொடக்கத்துக்கு ஏற்றவை.

மாடியில் கை பழகியபின் ஏதேனும் ஒரு மாமரத்தில், இலைகளைப் பின்னிக் கட்டும் முசிறு எறும்பின் கூட்டைத் தேடுங்கள். எறும்பு வரிசைக்கு அருகிலேயே எறும்பு வேடமிட்ட சிலந்தி ஒன்று முன்னங்கால்களை உணர்கொம்புபோல் தூக்கிக்கொண்டு திரியக்கூடும். கால்களை எண்ணினால் எட்டு வரும். பெங்களூரின் லால்பாக் தாவரவியல் பூங்காவுக்குப் போவதாக இருந்தால், குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் ஓர் இலைக்கு முன் ஐந்து நிமிடம் குனிந்து நிற்க முடியாது.

மாக்ரோ லென்ஸுக்கென ஒதுக்கிய தொகை கையில் இருந்தால், அதில் ஒரு சிறு பகுதிக்கு ஃபிளாஷ் ஒன்றை வாங்கி, ஒளி மென்மையாகப் பரவ அதன் முன்னால் வெள்ளை டிரேசிங் தாளை வளைத்து ஒட்டிப் பயன்படுத்துங்கள். முதல் ஓராண்டுக்கு அதுவே தாராளம்.