மோதும் எண்ணெய்த் தாரைகள் ஒட்டாமல் விலகினால்

இரண்டு முனைக்குழாய்களிலிருந்து (nozzle) எண்ணெயைத் தாரைகளாக, அதாவது மெல்லிய ஓட்டங்களாகப் பாய்ச்சி மோதவிடும் சோதனையில் அவை சேரவில்லை என்றால், முனைக்குழாயில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு எண்ணெய்த் தாரைகளும் மோதியும் சேராமல் எகிறி விலகுகின்றன என்றால், பெரும்பாலும் நடுவில் மெல்லிய காற்றுப் படலம் மாட்டியிருக்கிறது. தாரைகள் ஓடிக்கொண்டே இருப்பதால் புதுக் காற்றையும் இழுத்து வருகின்றன, அதனால்தான் படலம் தீருவதே இல்லை.

மோதும் இடத்தை ஊசியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சட்டென்று சேர்ந்துகொண்டால் காரணம் இதுதான். அப்புறம் வேகத்தைக் கூட்டினால் ஊசி இல்லாமலே சேரும்.

சேர்ந்ததும் இலை வடிவத்தில் எண்ணெயே மெல்லிய தகடாக விரியும், ஆனால் அது இரு தாரைகளும் கிடக்கும் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும். இரு தாரைகளும் மோதுவது நேராகத் தெரியும் பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் கோடாகத்தான் தெரியும் (நானும் ஏமாந்திருக்கிறேன்), 90 டிகிரி சுற்றிப் போய்ப் பாருங்கள்.

வேகத்தை ரொம்பக் கூட்டிவிடாதீர்கள், தகடு உடைந்து துளிகளாகச் சிதறும்.