கயிறு திரிக்கும் புரதம்: கொலாஜன் பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மூட்டுவலி பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், எலும்பையும் தோலையும் மூட்டையும் தாங்கும் நார்ப் புரதமான கொலாஜனின் பவுடரைப் பற்றியவை. மீதியில் சில, வீட்டில் ஒரு குழந்தைக்கு வந்துள்ள அரிய நோயைப் பற்றிய கவலையுடன் எழுதப்பட்டவை. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பதில் சொல்லலாம் என்று தோன்றியது. கொலாஜன் எப்படிக் கட்டப்படுகிறது என்பது புரிந்துவிட்டால், அந்த நோய்கள் ஏன் வருகின்றன என்பதும் அந்த பவுடரிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் ஒருங்கே விளங்கிவிடும்.

கொலாஜனின் முச்சுருள் வடிவம் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது என்று எங்கள் பேராசிரியர் கூறினார். அது உண்மையா? அந்த வடிவத்தில் அப்படி என்ன சிறப்பு? (கல்லூரி மாணவி, மதுரை)

உண்மைதான். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயதுதான். அதே ஆண்டு சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் ஒருவருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் கூற, ராமச்சந்திரன் அதைக் கையிலெடுத்தார். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது வசதியாகப் போயிற்று. தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தானே. கங்காருவின் வால் தசைநாணில் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) ஊடுகதிரை (எக்ஸ்-ரே) செலுத்திக் கிடைத்த படங்களைக் கொண்டு அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் 'நேச்சர்' இதழில் புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்களால் ஆன மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை முன்வைத்தனர்; மறு ஆண்டு அச்சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு செல்வதாக அதைத் திருத்தினர். அதே 1955-இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் மாற்றம் செய்து தங்கள் வடிவத்தை வெளியிட்டார்கள். விவரங்களில் பின்னவர்கள் சொன்னது நிலைத்தது. மூன்று இழை என்ற அடிப்படைக் கருத்துக்கு உரியவர் ராமச்சந்திரன்தான் என்பதே என் துணிபு. தோல் நிறுவனத்தின் அரங்கு ஒன்றுக்கு இன்றும் 'டிரிபிள் ஹெலிக்ஸ்' என்றுதான் பெயர்.

வடிவத்தின் சிறப்பைக் கயிற்றை வைத்துச் சொல்லலாம். தேங்காய் நார் ஒன்று தனியாக இருந்தால் இழுத்தவுடன் அறும். திரித்து, அப்படித் திரித்த புரிகளை எதிர்த்திசையில் முறுக்கினால் தேரையே இழுக்கும். கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலியும் இடப்புறமாகச் சுருள, மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கு இறுக்கமாக விழ வேண்டுமானால் நடுவில் இடம் அடைக்கும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும், அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசின் அமைந்தாக வேண்டும். முதல் வகைக் கொலாஜனின் ஒரு சங்கிலியில் சுருளும் பகுதியில் 1,014 அமினோ அமிலங்கள். அவற்றில் 338 கிளைசின். இந்த 338-இல் ஒன்றே ஒன்று மாறி, அந்த இடத்தில் சற்றுப் பெரிய அமிலம் வந்து உட்கார்ந்தாலும் முறுக்கு அங்கே தடைபடும். பின்னால் வரும் எலும்பு நோய்க் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இவ்வாறு முறுக்கிய மூலக்கூறு ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளம். இவை அருகருகே, செங்கல் வரிசையைப் போல ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி அடுக்கப்பட்டு, குறுக்குப் பிணைப்புகளால் பூட்டப்பட்டு, நாராகின்றன. குறுக்குப் பிணைப்பை இயற்கை மட்டும் போடுவதில்லை: ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்துப் பதனிட்ட நம் ஊர்த் தொழிலாளிகளும் கொலாஜன் நார்களைப் பட்டையின் துவர்ப்புப் பொருளால் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதுவரை 28 வகைக் கொலாஜன்கள் அறியப்பட்டுள்ளன. எலும்பு, தோல், தசைநாண் ஆகியவற்றில் முதல் வகை. குருத்தெலும்பில் இரண்டாம் வகை. இரத்தக்குழாய், குடல், கருப்பை ஆகியவற்றின் சுவரில் மூன்றாம் வகை மிகுதி. சிறுநீரக வடிகட்டியின் மென்சவ்வில் நான்காம் வகை. எந்த வகை பழுதாகிறதோ, அது இருக்கும் உறுப்பு பழுதாகிறது.

எனக்கு வயது 46. முழங்கால் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்கிறார்கள். மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொலாஜன் பவுடர் வாங்கிக் குடிக்கிறேன். என் மாமியார் அதற்கு ஆட்டுக்கால் சூப்பே போதும் என்கிறார். யார் சொல்வது சரி? (குடும்பத் தலைவி, ஈரோடு)

மாமியாரின் கட்சி சிக்கனமானது என்பதற்காகவே ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம். ஆட்டுக்கால் சூப்பை இரவு குளிர்பெட்டியில் வைத்து, காலையில் எடுத்துப் பாருங்கள். பாத்திரத்தைச் சாய்த்தாலும் வழியாமல் அல்வாத் துண்டுபோல் ஆடும். நீண்ட நேரம் கொதித்ததில் முச்சுருள் அவிழ்ந்து, சங்கிலிகள் தனித்தனியாகிக் கரைந்து, ஆறியதும் ஒன்றோடொன்று சிக்கி நீரைப் பிடித்துக்கொண்ட ஜெலட்டின் அது. உங்கள் பவுடர் என்பது அதே ஜெலட்டினை நொதிகளால் மேலும் சிறு துண்டுகளாக நறுக்கியது. மாட்டுத்தோல், மீன்தோல், பன்றித்தோல் ஆகியவற்றிலிருந்து அது எடுக்கப்படுகிறது.

எதைக் குடித்தாலும் குடலில் அது பெரும்பாலும் தனி அமினோ அமிலங்களாகவே உடைகிறது. இரண்டு மூன்று அமிலங்கள் சேர்ந்த சிறு துண்டுகள் சில உடையாமல் இரத்தத்தில் சேர்வது அளந்து காட்டப்பட்டுள்ளது. அவை செல்களைத் தூண்டக்கூடும் என்பதே இதை விற்பவர்களின் வாதத்துக்கு உள்ள ஒரே பிடிமானம். தோலின் ஈரப்பதத்திலும் மூட்டு வலியிலும் சிறிய அளவு முன்னேற்றம் கண்டதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவற்றில் பல சிறியவை, பல அந்தப் பொருளைத் தயாரிப்பவர்களின் செலவில் நடந்தவை. குடித்த கொலாஜன் நேரே முழங்காலுக்குப் போய்த் தேய்ந்த இடத்தை நிரப்பும் என்று விளம்பரம் சொல்வது, தமிழில் நாம் வழக்கமாகச் சொல்லும் பொருளில் கயிறு திரிப்பதுதான்.

இன்னொன்று: கொலாஜனில் டிரிப்டோஃபன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அறவே இல்லை. ஆகவே முட்டை, பருப்பு, பால் ஆகியவற்றுக்கு மாற்றாக இதைக் கொள்ள முடியாது. அந்த இரண்டாயிரம் ரூபாயில் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் முறையாகக் கற்றுக்கொண்டால் முழங்காலுக்குக் கிடைக்கும் பலன் நிச்சயமானது.

நாங்கள் சைவம். செடிகளிலிருந்து எடுத்த கொலாஜன் என்று ஒன்று விற்கிறார்களே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

செடிகள் கொலாஜனை உண்டாக்குவதில்லை. அந்தப் புட்டியில் இருப்பது பெரும்பாலும் வைட்டமின் சி-யும் சில அமினோ அமிலங்களும்தான். வைட்டமின் சி வேண்டும் என்பது மெய். புரோலின் என்ற அமிலத்தோடு ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றும் நொதி அது இல்லாமல் ஓடாது. அம்மாற்றம் நிகழாத முச்சுருள் உடல் வெப்பத்தில் நிலைக்காமல் அவிழ்ந்துவிடும். ஈறு வீங்கி இரத்தம் கசிவதும், ஆறிய பழைய புண் மீண்டும் வாய் திறப்பதுமான ஸ்கர்வி நோய் அதனால் வருவதே. கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் கப்பலில் பன்னிரண்டு நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் தேறினார்கள். ஸ்கர்வியைத் தடுக்க நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் போதும். ஒரு கொய்யாப்பழத்தில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது.

என் மகனுக்கு நான்கு வயது; இதுவரை மூன்று முறை எலும்பு முறிந்துவிட்டது. கண்ணின் வெள்ளை சற்று நீலமாகத் தெரிகிறது. நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் எல்லோரும் என்னையே சொல்கிறார்கள். (தாய், திருவண்ணாமலை)

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், இது கவனக்குறைவால் வந்ததைப் போலத் தோன்றவில்லை. 'ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா' என்னும் எலும்பு நொறுங்கு நோயாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. ஒரு கோழிக்கால் எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவைத்தால் சுண்ணச்சத்து கரைந்து, எஞ்சிய கொலாஜன் ரப்பரைப் போல வளையும். இன்னொன்றை நெருப்பில் சுட்டால் கொலாஜன் எரிந்து, வடிவம் மாறாமல் இருந்தாலும் தொட்டவுடன் பொடியாகும். எலும்புக்கு உறுதியைத் தருவது சுண்ணம், நொறுங்காமல் காப்பது கொலாஜன். இந்நோயில் அந்த இரண்டாவது சரியில்லை. ஆகவே கால்சியம் மாத்திரை மட்டும் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது. கண்ணின் வெண்படலமும் அதே கொலாஜனால் ஆனது; அது மெலிவதால் உள்ளிருக்கும் கருநிறப் படலம் நீலமாகத் தெரிகிறது.

முதல் வகைக் கொலாஜனில் 'ஆல்ஃபா 1' சங்கிலி இரண்டும் 'ஆல்ஃபா 2' சங்கிலி ஒன்றும் உண்டு. ஆல்ஃபா 1 மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் என இரண்டு பிரதிகள். ஒரு பிரதி முற்றிலும் ஊமையாகிவிட்டால் பாதி அளவு கயிறுதான் கிடைக்கும்; ஆனால் கிடைப்பதெல்லாம் நல்ல கயிறு; நோய் மிதமாக இருக்கும். மாறாக, அந்தப் பிரதி பிழையான சங்கிலியை உற்பத்தி செய்துகொண்டே இருந்தால், இரண்டு இடங்களிலும் நல்ல சங்கிலியே அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். முக்கால் பங்குக் கயிறு கெட்டுவிடும். சரக்கு குறைவதைவிடக் கெட்ட சரக்கு கலப்பதுதான் கேடு. பெற்றோர் இருவருக்கும் நோய் இல்லாமலேயே குழந்தையில் புதிதாக இம்மாற்றம் தோன்றுவது சாதாரணம். அதற்கு யாரும் பொறுப்பல்லர்.

குழந்தைகள் எலும்பியல் பிரிவும் மரபியல் ஆலோசனையும் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பமிட்ரோனேட், சோலட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளைச் சில மாத இடைவெளிகளில் நரம்பு வழியாக ஏற்றுவது எலும்பின் அடர்த்தியைக் கூட்டுகிறது. பற்களையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். அடுத்து ஒரு குழந்தை பிறந்து அதற்கும் இந்நோய் இருந்தால், துணி மாற்றும்போது இரண்டு கணுக்காலையும் பிடித்துத் தூக்காதீர்கள். விரித்த கையை இடுப்புக்கு அடியில் கொடுத்து உயர்த்துங்கள். கைக்குழந்தைகளில் முறிவைத் தவிர்க்கும் வழிகளில் இது முதன்மையானது.

பரதநாட்டியம் பயிலும் என் மகளின் உடல் அளவுக்கு மீறி வளைகிறது. கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறது. ஆசிரியை பாராட்டுகிறார், எனக்குக் கவலையாக உள்ளது. (தந்தை, கோலாலம்பூர்)

வளைவது மட்டும் நோய் அன்று. மருத்துவர்கள் பெய்ட்டன் அளவுகோலால் இதை மதிப்பிடுவார்கள்: சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால் இவை ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு ஒன்று, முழங்காலை மடக்காமல் உள்ளங்கையைத் தரையில் ஊன்றினால் ஒன்று, மொத்தம் ஒன்பது. வளர்ந்தவர்களில் ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் மிகை நெகிழ்வு எனலாம். அதோடு அடிக்கடி மூட்டு விலகுதல், நீடித்த வலி, இழுத்தால் நீளும் தோல், மெல்லிய காகிதம்போல் ஆறும் தழும்பு ஆகியவை இருந்தால் ஏலர்ஸ்-டான்லாஸ் நோய்க்குறித்தொகுதியைப் பற்றி யோசிக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் இதற்குப் பதின்மூன்று வகைகள். மிகப் பரவலான நெகிழ்மூட்டு வகைக்கு மட்டும் இன்னும் மரபணு கண்டறியப்படவில்லை. அதை இரத்தச் சோதனையால் உறுதி செய்வதாக யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது மூன்றாம் வகைக் கொலாஜன் கெடும் இரத்தக்குழாய் வகை. அதில் மூட்டுகள் பெரிதாக வளைவதுகூட இல்லை. நரம்புகள் தெரியும் மெல்லிய தோல், காரணமின்றிக் கன்றிப்போதல், குடும்பத்தில் இளவயதில் இரத்தக்குழாயோ குடலோ கிழிந்து இறந்தவர் ஆகியவையே அடையாளங்கள். இவை இல்லையென்றால் மகள் ஆடட்டும். மேலும் வளைப்பதில் போட்டி வேண்டாம், மூட்டைத் தாங்கும் தசைகளை வலுவாக்குவதில் நேரத்தைச் செலவிடட்டும்.

வாலிபால் வீரனான என் தம்பி ஆறடி நான்கங்குலம். விரல்கள் மிக நீளம், மார்பு உள்வாங்கியிருக்கும். இதுவும் கொலாஜன் நோயா? (பொறியாளர், நாமக்கல்)

அது மார்ஃபான் நோயாக இருந்தால், பிழை கொலாஜனில் அன்று, உறுப்புகளைத் தாங்கிப் பிணைக்கும் இணைப்புத் திசுவில் உள்ள ஃபிப்ரில்லின்-1 என்ற வேறொரு புரதத்தில். பெயர் முக்கியமன்று, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான மகாதமனி முக்கியம். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃபுளோ ஹைமன், 1986 ஜனவரியில் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின் நடுவே மாற்று வீரர் இருக்கையில் சரிந்து இறந்தார். மகாதமனி கிழிந்திருந்தது, அவருக்கு மார்ஃபான் இருந்தது இறந்த பிறகே தெரிந்தது. தம்பி அடுத்த ஆட்டத்துக்கு முன் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிடட்டும். கண் மருத்துவர் விழிலென்ஸ் இடம் பெயர்ந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். மகாதமனி விரிந்திருந்தால் பீட்டா தடுப்பான், லோசார்ட்டன் போன்ற இரத்த அழுத்த மருந்தைக் கொடுத்து, ஆண்டுதோறும் அளந்து, உரிய நேரத்தில் அறுவை செய்துகொள்பவர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள்.

ஏஎன்ஏ சோதனை பாசிட்டிவ் என்று வந்தது. 'கனெக்டிவ் டிஷ்யூ டிசீஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். என் பிள்ளைகளுக்கும் வருமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பெயரால் வரும் குழப்பம் இது. 'கனெக்டிவ் டிஷ்யூ' என்றால் கொலாஜன் நிறைந்த இணைப்புத் திசு. லூபஸ், ஸ்கிளிரோடெர்மா போன்றவற்றை 1942-இல் நோயியல் அறிஞர் கிளெம்பரரும் உடனிருந்தோரும் கொலாஜன் நோய்கள் என்று அழைத்ததிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவற்றில் கொலாஜனின் மரபணுவில் பிழை இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் திசுக்களையே தாக்குகிறது. குடும்பத்தில் சற்றுக் கூடுதல் வாய்ப்பு உண்டே தவிர, மேலே கண்டவற்றைப்போல நேராகக் கடத்தப்படுவதில்லை. மேலும், ஏஎன்ஏ என்பது உடல் தன் செல்களின் கருவையே எதிர்த்து உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை; இரத்த நீரை 80 மடங்கு நீர்த்த பின்னும் (1:80) அது பாசிட்டிவாக வருவது நலமாக உள்ளவர்களில் எட்டில் ஒருவருக்கு இருக்கலாம். அறிகுறி இல்லாமல் அந்த ஒரு தாளை வைத்து யாரும் நோயாளி ஆகிவிட மாட்டார்கள்.

பதினாறு வயது மகனின் சிறுநீரில் இரத்தம். காதும் சற்று மந்தம். என் அண்ணன் இளவயதிலேயே டயாலிசிஸில் இருந்து இறந்தார். (தாய், தூத்துக்குடி)

நான்காம் வகைக் கொலாஜன் கெடும் ஆல்போர்ட் நோய் தாய்வழியாக ஆண்மக்களைத் தாக்குவது இப்படித்தான். சிறுநீரக மருத்துவரிடம் மரபணுச் சோதனை கேளுங்கள். உறுதியானால் ராமிப்ரில் போன்ற மருந்தை முன்கூட்டியே தொடங்குவது சிறுநீரகம் செயலிழப்பதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடும். உங்கள் சிறுநீரையும் மகள் இருந்தால் அவள் சிறுநீரையும் சோதியுங்கள். பிற்காலத்தில் மகனுக்குச் சிறுநீரகம் தேவைப்பட்டால் கொடுக்க முதலில் முன்வரப்போவது நீங்கள்தான். உங்களிடமும் அதே மரபணு இருந்தால் உங்கள் சிறுநீரகமும் பிற்காலத்தில் பழுதாகக்கூடும் என்பதால், அந்த முடிவை எடுக்கும் முன் மருத்துவர் இதை அறிந்திருக்க வேண்டும்.