ஒரே பெட்டிக்கு அடியில் இரண்டு சம்பளம்

கேள்வி: என் மகன் கோணம் ஐடிஐயில் ஃபிட்டர் முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறான். ரயில் பெட்டி ரிப்பேர் பார்க்க ஆள் எடுக்கிறார்கள், முதலில் காண்ட்ராக்ட், இரண்டு வருஷத்தில் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று ஒருவர் ஆறு லட்சம் கேட்கிறார். வெறும் பெட்டிக்கு அடியில் குனிந்து நட்டு முறுக்குகிற வேலை, வெறும் ஃபிட்டருக்கு அப்படி என்ன சம்பளம் வந்துவிடும்? அவன் அப்பா கல்ஃபுக்கே அனுப்பலாம் என்கிறார். நகையை வைத்துப் பணத்தைக் கொடுக்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, இரணியல்)

பதில்: முதலில் அந்த ஆறு லட்சம். கொடுக்காதீர்கள் அம்மா, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ரயில்வேயின் நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பது ரயில்வே தேர்வு வாரியம், ஆர்ஆர்பி என்று சொல்வார்களே, அது. அறிவிப்பு வரும், கம்ப்யூட்டரில் தேர்வு, தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 500 ரூபாய், முதல் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தால் அதிலும் 400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதில் நடுவே ஒரு ஆளுக்கு என்ன வேலை? 2022-ல் தமிழ்நாட்டுக்காரர்கள் 28 பேரை ரயில்வே வேலை என்று டெல்லிக்குக் கூட்டிப்போய், இதுதான் பயிற்சி என்று சொல்லி, புது டெல்லி ஸ்டேஷனில் ஒரு மாதம் தினமும் எட்டு மணி நேரம் வருகிற போகிற ரயில்களை எண்ண வைத்தார்கள். போன பணம் 2 கோடியே 67 லட்சம். அவர்களும் படித்தவர்கள்தான், அவர்கள் வீட்டிலும் உங்களைப் போல ஒரு அம்மா நகையை எடுத்துக் கொடுத்திருப்பார்.

இனி சம்பளம். உங்கள் மகன் படித்த படிப்புக்கு நேராக உள்ள பதவி டெக்னீஷியன் கிரேடு 3, கேரேஜ் அண்ட் வேகன், அதாவது பெட்டிகளைப் பராமரிக்கும் பிரிவு. ஏழாவது ஊதியக் குழுவின் லெவல் 2, அடிப்படைச் சம்பளம் 19,900. இதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் 'இவ்வளவுதானா' என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். அதன் மேல் அகவிலைப்படி இருக்கிறது, 2025 ஜூலைக் கணக்குப்படி 58 சதவீதம், அதாவது 11,542. நாகர்கோவில் போன்ற ஊருக்கு வீட்டு வாடகைப்படி 10 சதவீதம், 1,990. போக்குவரத்துப் படி, அகவிலைப்படியோடு சேர்த்து 1,422. ஆக மொத்தம் 34,854 ரூபாய். ஓய்வூதியத்துக்காக அடிப்படையிலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம் பிடிப்பார்கள், 3,144 போகும். கைக்கு 31,000 ரூபாய்க்குக் குறையாமல் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது சேர்ந்த முதல் மாதத்துக் கணக்கு. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தால் அந்த வாடகைப்படி கிடையாது. இரவு வேலைக்குத் தனியாக ஒரு படி உண்டு, இந்தச் சம்பளக்காரருக்கு முழு இரவுக்கு 200 ரூபாயை ஒட்டி வரும். வருஷா வருஷம் மூன்று சதவீதம் உயர்வு, அப்புறம் போனஸ், இந்தச் சில வருஷமாக 78 நாள் கணக்கில் 17,951 ரூபாய். குடும்பத்துக்கு ரயில் பாஸும் ரயில்வே ஆஸ்பத்திரியும் இதற்கு மேல் தனி. எட்டாவது ஊதியக் குழு வந்தால் இரட்டிப்பு ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், வந்த பிறகு பார்க்கலாம்.

படிகள் ஏற வழியும் இருக்கிறது. கிரேடு 2 ஆனால் அடிப்படை 25,500-ல் தொடங்கும், கிரேடு 1 ஆனால் 29,200, சீனியர் டெக்னீஷியன் 35,400. அந்தக் கடைசி நிலையில் கால் வைக்கும்போதே எல்லாப் படியும் சேர்த்து 62,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. பத்தாம் வகுப்போடு போகிறவர்களுக்கு லெவல் 1, பழைய பேரில் கலாசி, அடிப்படை 18,000. அதுவும் மொத்தமாக 31,662 வரும். ஐடிஐ முடித்த பிள்ளை இரண்டுக்கும் போடலாம்.

சரி, நீங்கள் இரண்டு இடத்தில் 'வெறும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் ராத்திரி கன்னியாகுமரி ஸ்டேஷனில் பிளாட்பாரம் தொடங்குகிற இடத்தில் நின்று பாருங்கள். வண்டி உள்ளே நுழையும்போது தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், கையில் டார்ச். பெட்டி ஒவ்வொன்றும் அவர்களைக் கடந்து போகும்போது எங்காவது ஏதாவது தொங்குகிறதா என்று கண் பார்க்கும், சக்கரம் தட்டையாகியிருந்தால் 'டக் டக்' என்று வருகிற சத்தத்தைக் காது பிடிக்கும். வண்டி நின்றதும் சக்கர அச்சின் முனையில் பேரிங் இருக்கிற அச்சுப் பெட்டி ஒவ்வொன்றிலும் சூடு பார்க்கிற கருவியைக் காட்டுவார்கள். திப்ருகரிலிருந்து 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும் விவேக் எக்ஸ்பிரஸ் நம் கன்னியாகுமரியில்தான் வந்து முடிகிறது. மூன்று நாளுக்கு மேல் சுழன்ற பேரிங் அது. அதில் ஒன்று சூடேறி அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பிட் லைனில் இன்னும் பெரிய வேலை. தண்டவாளத்துக்கு நடுவே குழி, குழிக்குள் ஆள், தலைக்கு மேலே நாற்பது டன் பெட்டி. வண்டியின் இரண்டு முனையிலும் சிவப்புக் கொடியோ விளக்கோ வைக்காமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் இன்ஜின் வந்து முட்டினால் பிழைக்க வழியில்லை. புதுச் சக்கரம் 915 மில்லிமீட்டர் விட்டம், எல்ஹெச்பி என்கிற புது வகைப் பெட்டியில் அது தேய்ந்து 845-க்கு வந்தால் கழற்றிவிட வேண்டும். அந்த மில்லிமீட்டர் கணக்கை கேஜ் வைத்துப் பார்ப்பதும், பிரேக் குழாயில் 5 கிலோ காற்றழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பதும், தேய்ந்த பிரேக் பேடை மாற்றுவதும், பயோ டாய்லெட் தொட்டிக்குக் கீழே தலையைக் கொடுத்து வேலை செய்வதும் இவர்கள்தான். பிரேக் சரியாக இருக்கிறது என்று சான்றிதழில் கையெழுத்து விழாமல் அந்த வண்டி கிளம்பாது. நானும் நீங்களும் மேல் பெர்த்தில் ஏறிக் கண்ணை மூடுவது அதை நம்பித்தான்.

இப்போது அந்த ஆள் சொன்ன 'முதலில் காண்ட்ராக்ட்' விஷயத்துக்கு வருகிறேன், எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான். பெட்டி கழுவுவது, உள்ளே சுத்தம் செய்வது, போர்வை துவைப்பது, சில இடங்களில் சில்லறை ரிப்பேர், இதெல்லாம் ஒப்பந்ததாரர் கையில் இருக்கிறது. அங்கே நாள் கூலிதான். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2024 அக்டோபரில் சுத்தம் செய்யும் வேலைக்குப் பெருநகரங்களில் நாளைக்கு 783 ரூபாய், சிறிய ஊர்களில் அதைவிடக் குறைவு. அதில் பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம், லீவு போட்டால் கூலி இல்லை. ஒரு ஸ்டேஷனில் இந்த வேலை பார்க்கிற தம்பி ஒருவர் தன் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். எந்த ஸ்டேஷன், எந்த ஒப்பந்ததாரர் என்று எழுத மாட்டேன், அவர் வேலை போய்விடும். சீட்டில் தொகை சரியாகத்தான் இருந்தது, ஆனால் அவருடைய ஏடிஎம் கார்டு சூப்பர்வைசர் பையில். மாதா மாதம் எடுத்து, அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுக்கிறார்களாம். அவரும் நிரந்தர ஃபிட்டரும் ஒரே பெட்டியில் ஒரே ராத்திரி வேலை பார்க்கிறார்கள், ஒரே டீக்கடையில் டீ குடிக்கிறார்கள். இந்தத் தம்பிக்கு அந்த ஃபிட்டர் சம்பளத்தில் பாதி வந்தால் பெரிசு. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த நிறுவனமே தர வேண்டும் என்று 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள், ஆனால் கார்டு அந்தப் பையில் இருக்கும்வரை காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். இதை ரயில்வே அதிகாரிகள் தெரியாது என்று சொல்லி விலகிக்கொள்ளக் கூடாது, ஒரு நாள் சீருடையில் உள்ள பிள்ளைகளிடம் 'கார்டு எங்கே' என்று கேட்டாலே போதும்.

காண்ட்ராக்டில் இருந்தால் தானாக பெர்மனென்ட் ஆகிவிடும் என்பதும் பொய். ஒப்பந்த முறையையே ஒழித்தாலும் தொழிலாளி தானாக நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே, ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில், சொல்லிவிட்டது.

மகனுக்கு நேர் வழி ஒன்று இருக்கிறது. தெற்கு ரயில்வே அவ்வப்போது அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர், எடுக்கிறது, பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பொன்மலை, இன்னும் சில இடங்களில். அதற்குத் தேர்வு கிடையாது, பத்தாம் வகுப்பு மார்க்கும் ஐடிஐ மார்க்கும்தான். உதவித்தொகை மாதம் சில ஆயிரம், அதை வைத்து வீட்டுக்கு ஒன்றும் அனுப்ப முடியாது. ஆனால் முடித்து அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் லெவல் 1 இடங்களில் 20 சதவீதம் அவர்களுக்கு ஒதுக்கீடு. போட்டி சாதாரணமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்: 2019-ல் அறிவித்த 1,03,769 லெவல் 1 இடங்களுக்கு ஒரு கோடிக்கு மேல் விண்ணப்பம், தேர்வு நடந்தது 2022-ல். அதனால் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம், ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கட்டும். லெவல் 1-க்கு 35 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு நூறு மீட்டர் இரண்டு நிமிஷத்தில் கடக்க வேண்டும், ஆயிரம் மீட்டரை நாலே கால் நிமிஷத்தில் ஓட வேண்டும், காலையில் கொஞ்சம் ஓடச் சொல்லுங்கள். கல்ஃப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதற்கும் ஏஜென்டுக்கு இவ்வளவு கொடுத்துப் போகிற அவசரம் வேண்டாம், இந்தத் தேர்வை ஒரு முறையாவது எழுதட்டும்.

அந்த ஆள் மறுபடி வீட்டுக்கு வந்தால் அறிவிப்பு எண் என்ன என்று மட்டும் கேளுங்கள். ஆர்ஆர்பி அறிவிப்பு ஒவ்வொன்றுக்கும் 02/2024 என்பது போல ஓர் எண் இருக்கும். சொல்லத் தெரியாமல் முழித்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். முன்பணம் என்று ஏதாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் நாகர்கோவில் எஸ்பி ஆபீசில் எழுதிக் கொடுங்கள், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.