பரோலோ கலர் வெளிறி இருந்தா போலின்னு அர்த்தமில்ல

ப்ரோ, ஜியாகோமோ கொன்டெர்னோங்கற தயாரிப்பாளரோட 2016 பரோலோ ஃபிரான்சியா ரெட் ஒயின் கலர் வெளிறி இருக்கு, நாக்கெல்லாம் உலர்ந்துபோற அளவுக்கு துவர்க்குது, போலியான்னு கேட்டிருந்தீங்க. இந்த ரெண்டை மட்டும் வச்சு அப்படி முடிவு பண்ணாதீங்க. பரோலோ செய்யற நெபியோலோ திராட்சையோட குணமே அதான், கலர் லேசாத்தான் இருக்கும் ஆனா டானினும் (துவர்ப்பு தர்ற பொருள்) புளிப்பும் தூக்கலா இருக்கும், அதுவும் இத்தாலி பீட்மான்ட்ல செர்ரலுங்காங்கற ஊர்ல கொன்டெர்னோ குடும்பம் 1974ல வாங்கின தோட்டத்து ஒயின்னா கேக்கவே வேணாம், அந்த ஊர் பரோலோவே துவர்ப்பு கூடி இறுக்கமா இருக்கும். 38 மாசமாவது முதிர விட்டுத்தான் விக்கணும்னு அங்க சட்டமே இருக்கு, அதுக்கப்புறமும் நல்ல வருஷத்து பாட்டில் இருபது வருஷம் தாராளமா தாங்கும். 2016 அருமையான வருஷம், நீங்க சீக்கிரம் திறந்துட்டீங்க அவ்ளோதான். மிச்சத்தை கார்க் போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, நாளைக்கு கொஞ்சம் முன்னாடியே வெளிய எடுத்து வச்சு, கொழுப்புள்ள மட்டனோட குடிச்சுப் பாருங்க, துவர்ப்பு நல்லாவே அடங்கும்.